வெள்ளைத் தாளில் விழுந்த சாம்பல்

அத்தியாயம் 4

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு லோலேயா விமான நிலையத்தை மறுபடியும் மூடினார்கள்.

ஒலிபெருக்கியில் அந்தப் பெண் "எரிமலைச் சாம்பல் காரணமாக" என்று ஆரம்பித்ததுமே, கூடத்தில் கிடந்த நூற்றுச் சொச்சம் பேரும் மிச்சத்தை அவளோடு சேர்ந்து சொல்லி முடித்தார்கள். "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்ற இடத்தில் ஒருவர் ராகம்கூடப் போட்டார். யாரும் சிரிக்கவில்லை.

என் பெயர் ஜுஃப்ரி. மனாடோவில் இபு மெய்தி தங்குடுங் நடத்தும் துப்பறியும் அலுவலகத்தில் மொத்தமே இரண்டு பேர். அவர் துப்பறிவார். நான் கார் ஓட்டுவேன், பெட்டி தூக்குவேன், கேட்காத நேரத்தில் கருத்துச் சொல்வேன். இபு என்பது எங்கள் ஊரில் பெண்களுக்கு மரியாதை, ஆண்களுக்குப் பாக். இருபத்தாறு வருஷம் சுங்க இலாகாவில் மற்றவர்கள் பெட்டியைத் திறந்து பார்த்தவர் அவர். ஐம்பத்து நாலு வயது, என் தோள் உயரம், வாயில் எப்போதும் சர்க்கரையில் ஊறிய ஜாதிக்காய்த் துண்டு ஒன்று. நாங்கள் இந்தத் தீவுக்கு வந்த வேலை ஒரு படகு இன்சூரன்ஸ் புரட்டு. அது முதல் நாளே முடிந்துவிட்டது. நாங்கள்தான் முடியவில்லை.

ஒரு பக்கம் கடல். மறுபக்கம் கியே எரிமலை. நடுவில் ஒரே ஒரு ஓடுபாதை. அடுத்த கப்பல் நாளைக் காலை. ஊரில் இருந்த இரண்டு விடுதிகளும் நிரம்பிவிட்டன. பெஞ்சுக்கும் தரைக்கும் முறை வைத்துத் தூங்கினோம். செங்கே ஏர் நிறுவனம் வேளைக்கு ஒரு பொட்டலம் மஞ்சள் சோறும் சூரை மீனும் கொடுத்தது. போனுக்குச் சார்ஜ் போட ஒரு வரிசை, கழிப்பறைக்கு ஒரு வரிசை, கவுன்ட்டரில் கத்துவதற்கு ஒரு வரிசை. மூன்றிலும் நின்று பார்த்துவிட்டேன். கத்தும் வரிசைதான் வேகமாக நகர்ந்தது.

கண்ணாடிச் சுவருக்கு வெளியே செங்கே ஏரின் எழுபது சீட்டு விசிறி விமானம் நின்றது. முதல் நாள் காலை அது இறங்கிய சற்று நேரத்தில் இங்கே சாம்பல் கொட்ட ஆரம்பித்தது. அன்றிலிருந்து அதுவும் எங்களைப் போலவே உட்கார்ந்திருந்தது.

பத்தேகாலுக்கு செங்கே ஏரின் இந்த ஊர் மேலாளர் பாக் வினோட்டோ எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சட்டை கசங்காத மனிதர். மூன்று நாளில் அந்தக் கூடத்தில் கசங்காத சட்டை அது ஒன்றுதான். கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைச் சொன்னார். மலை நேற்று மாலையே அடங்கிவிட்டது. மலையைக் கண்காணிக்கிறவர்கள் எச்சரிக்கையை இறக்கிவிட்டார்கள். சாம்பல் மேகம் எங்கே போகிறது என்று செயற்கைக்கோளில் பார்த்துப் படம் அனுப்புகிறவர்களும், அது மேற்கே கடல் பக்கம் கலைந்துவிட்டது என்கிறார்கள். வானம் நீலம். அப்படியிருந்தும் ஆறரை மணிக்கு வைத்த தாளில் சாம்பல். ஒன்பதரைக்கு வைத்த தாளிலும் சாம்பல்.

தாள் என்றால் சாதாரண வெள்ளைத் தாள். பலகையில் கிளிப் போட்டு ஓடுபாதை ஓரமாக மூன்று இடத்தில் வைப்பார்கள். அரை மணி கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். அதில் சாம்பல் விழுந்திருந்தால் நிலையம் மூடல். எவ்வளவு பெரிய விமானக் கம்பெனியும் அந்தத் தாளுக்கு அடக்கம்.

"யாரோ விளையாடுறாங்க, இபு" என்றார் வினோட்டோ. "தலைமை அலுவலகத்துல மணிக்கொரு தடவை கேக்குறாங்க, விமானம் ஏன் சும்மா நிக்குதுன்னு. நான் என்ன சொல்றது?"

ஒரு நோயாளிப் பெண் வேறு டயாலிசிஸுக்கு மனாடோ போக முடியாமல் கூடத்தில் கிடக்கிறாள் என்றார். வியாழக்கிழமை போயிருக்க வேண்டியது, இன்று சனி. அடுத்த தாள் பன்னிரண்டு மணிக்கு. அதற்குள் யாரென்று கண்டுபிடித்துக் கொடுத்தால் கம்பெனி எங்களை மறக்காது என்றார்.

இபு மெய்தி ஒன்பதரை மணித் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். அறையை விட்டு வெளியே வந்ததும் நேரே போய் நின்ற இடம் வாசலுக்கு வெளியே பெட்டி தள்ளும் வண்டிகள் இருந்த மூலை. வண்டி மேல் ஒரு பூனை தூங்கிக்கொண்டிருந்தது.

"இது என்ன நிறம், ஜுஃப்ரி?"

"கறுப்பு."

"நேத்து?"

நேற்றும் முந்தாநாளும் அதே பூனையை நான் சாம்பல் நிறப் பூனை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். தும்மினால் அதன் முதுகிலிருந்து தூள் பறக்கும். இப்போது தார் போட்ட மாதிரிப் பளபளத்தது. விடியற்காலையிலிருந்து அது அங்கே வெட்டவெளியில்தான் படுத்திருக்கிறது என்று வண்டிக்காரர் சொன்னார்.

"மலைக்குப் பூனை மேல என்ன மரியாதை?" என்றார் இபு மெய்தி. "தாள் மேல மட்டும் விழுது, பூனை மேல விழலியே."

அடுத்து அவர் செய்த காரியத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஜன்னல் விளிம்பில் முதல் நாள் படிந்த சாம்பலை விரலில் தொட்டு, என் கண்ணாடியைக் கழற்றி, இடது பக்கத்தில் வைத்துத் தேய்த்தார். கறகறவென்று சத்தம் கேட்டது. அதன் பிறகு தாளில் இருந்த சாம்பலை எடுத்து வலது பக்கத்தில் தேய்த்தார். சத்தமே இல்லை. மாட்டிப் பார்த்தேன். இடது கண்ணுக்கு உலகம் பனி பெய்தது போல இருந்தது. வலது கண்ணில் கறுப்பாக ஈஷியிருந்ததைச் சட்டையால் துடைத்ததும் தெளிவாகிவிட்டது.

"மலைச் சாம்பல் கல்லும் கண்ணாடியும் பொடிஞ்ச தூள். கீறும். இது அடுப்புச் சாம்பல். ஈஷும், அவ்வளவுதான்."

"அதைச் சொல்லியிருந்தா நானே நம்பியிருப்பேன், இபு. நிரூபிக்கச் சொல்லி நான் கேக்கவே இல்ல."

அவர் கேட்டுக்கொள்ளவில்லை. உணவுக்கூடத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார். ஒற்றைக் கண் பார்வையோடு நான் பின்னால் போனேன்.

உணவுக்கூடம் தாந்தே சல்மாவுடையது, தாந்தே என்றால் அத்தை. பாத்திரம் தேய்க்க உமிச் சாம்பல் பொட்டலம் பொட்டலமாகக் கழுவுமிடத்தில் அடுக்கியிருந்தாள். இபு மெய்தி ஒரு பொட்டலத்தைப் பிரித்து, தாளில் இருந்ததோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரே நிறம், ஒரே மிருது, கருகாத உமி நுனிகள் இரண்டிலும் ஒன்றுபோல. பொட்டலம் ஏதாவது குறைகிறதா என்று கேட்டதற்கு, ஒன்றை விமான மெக்கானிக் ஒபெத் காலையில் வாங்கிப் போனான் என்று தாந்தே சல்மா சொன்னாள். கை கிரீஸைத் தேய்த்துக் கழுவ என்றானாம். ஒபெத்தைப் பற்றித் தப்பாக நினைக்க வேண்டாம், இந்தக் கூடத்திலேயே விமானம் கிளம்ப வேண்டும் என்று அதிகமாக வேண்டிக்கொள்வது அவன்தான் என்றும் சேர்த்துச் சொன்னாள்.

"ஏன்?"

தாந்தே சல்மா கரண்டியால் கூடத்தின் மூலையைக் காட்டினாள்.

அங்கே பெஞ்சில் ஒரு பெண் சாய்ந்து கிடந்தாள். அறுபது வயதிருக்கும். முகம் ஊதி, கண் இரண்டும் கோடாகியிருந்தன. கால் இரண்டும் தலையணை போல. மூச்சு விட்டு விட்டு வந்தது. நீலச் சீருடை போட்ட ஒருவன் தரையில் உட்கார்ந்து அந்தக் கால்களைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தான். டயாலிசிஸுக்குப் போக முடியாமல் கிடந்த அந்த நோயாளி ஒபெத்தின் அம்மா மாரின்சே.

நிலையம் மூடினால் யாருக்கு லாபம் என்று நான் மனதில் போட்ட பட்டியலில் கப்பல்காரன் இருந்தான், விடுதிக்காரன் இருந்தான், தாந்தே சல்மாகூட இருந்தாள். இவன் பெயர் மட்டும் இல்லை.

இபு மெய்தி அவன் பக்கத்தில் குனிந்து, உமிச் சாம்பல் மிச்சம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

அவன் அம்மாவின் காலை மெதுவாகக் கீழே வைத்தான். "இங்க வேணாம்" என்றான்.

விமானத்தின் மூக்குப் பக்கம் கூட்டிப் போனான். எங்களைத் திட்டுவான், இல்லையென்றால் அழுவான் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் செய்யவில்லை. முன்சக்கரத்துக்கு மேலே இருந்த விளக்கைக் காட்டினான். விளக்குக் கண்ணாடி குளியலறை ஜன்னல் மாதிரிப் பால் வெள்ளையாக இருந்தது.

"இது என்னோட இடது கண்ணு மாதிரியே இருக்கே" என்றேன்.

"வாலுல இருக்குற விளக்கைப் பாருங்க" என்றான் ஒபெத்.

பார்த்தோம். வால் பக்க விளக்கு புதுசு போலத் தெளிவாக இருந்தது. நின்ற இடத்தில் சாம்பல் விழுந்திருந்தால் எல்லாக் கண்ணாடியும் ஒன்றுபோல அழுக்காகியிருக்கும். முகப்பில் மட்டும் கீறியிருந்தால், இந்த விமானம் சாம்பலுக்குள் பறந்து வந்திருக்கிறது.

மிச்சத்தை அவன் தட்டுத் தடுமாறிச் சொன்னான். முதல் நாள் இறங்குவதற்கு முன்னால் மேகத்துக்குள் தீக்குச்சி கொளுத்திய வாடை வந்தது என்று கேப்டன் லிட்யா பதிவுப் புத்தகத்தில் ஒரு வரி எழுதி வைத்திருந்தார். அப்படி எழுதிவிட்டால், எஞ்சினுக்குள் கேமராக் குழாயை விட்டுப் பார்க்காமல் விமானத்தைக் கிளப்பக் கூடாது. சாம்பல் எஞ்சின் சூட்டில் உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும். தரையில் ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேலே ஏறும்போது மூச்சடைத்துப்போகும். அந்தக் குழாய் இந்தத் தீவில் இல்லை. மனாடோவிலிருந்து நாளைக் கப்பலில் வருகிறது. அதை வினோட்டோவிடம் சொன்னான். அன்று காலை இங்கே சாம்பல் இல்லை, தைரியமாக இறங்குங்கள் என்று ரேடியோவில் சொன்னதே வினோட்டோதான். அது வெளியே வரக் கூடாது. நேற்றுச் சாயங்காலம் பதிவுப் புத்தகத்தைப் பிரித்தபோது, எஞ்சின் பார்த்தாயிற்று, சுத்தமாக இருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதியிருந்தது. கீழே ஒபெத்தின் கையெழுத்து.

"நான் போடல. கேட்டேன். உங்க அம்மாவுக்கு முன் வரிசைல சீட்டுப் போட்டிருக்கேன், யோசிச்சுப் பேசுன்னாரு."

"கேப்டன்கிட்ட ஏன் போகல?" என்று கேட்டார் இபு மெய்தி.

ஒபெத் விளக்கைச் சட்டை நுனியால் துடைத்துப் பார்த்தான்.

"நான் நிறுத்தினா, நான்தான் நிறுத்தினேன்னு ஆயிடும், இபு. எங்க அம்மா அங்க மூச்சு வாங்கிட்டுக் கெடக்குறா. இத்தனை பேரு மூணு நாளா கெடக்குறாங்க. மலை நிறுத்தினா யாரும் கோவப்பட மாட்டாங்க. நாளைக்குக் குழாய் வந்துடும். ஒரே ஒரு நாள் வேணும்னு நெனைச்சேன்."

"அம்மாவுக்கு அந்த ஒரு நாள் இருக்கா?"

"நேத்து நர்ஸ் இருக்குன்னாங்க." குரல் இறங்கியது. "இன்னைக்குக் காலைல வந்து பார்த்துட்டு ஒண்ணும் சொல்லல."

இந்த மூன்று நாளில் அங்கே இருந்த எல்லோரும் தாங்கள்தான் மாட்டிக்கொண்டவர்கள் என்று நினைத்தோம். பாதையில்லாத இடத்தில் நின்றவன் இவன். வாயைத் திறந்தால் அம்மாவின் சீட்டு போகும், வேலை போகும். மூடிக்கொண்டால் அம்மாவை அந்த எஞ்சினில் ஏற்ற வேண்டும்.

இபு மெய்தி அவனிடம் இன்னும் ஒன்றே ஒன்று கேட்டார். பக்கத்தில் வேறு விமானம் ஏதாவது இருக்கிறதா என்று. நாற்பது நிமிஷ தூரத்துத் தீவில் மிஷன் ஆஸ்பத்திரியின் எட்டு சீட்டு விமானம் ஒன்று நிற்கும் என்றான். அவர் தலையை ஆட்டிவிட்டு, கொஞ்சம் தள்ளிப் போய் யாருக்கோ போன் செய்தார். பிறகு நேரே மேலாளர் அறைக்கு நடந்தார். ஒபெத்தும் நானும் பின்னாலேயே ஓடினோம்.

மணி பதினொன்றே முக்கால். வினோட்டோ எழுந்து நின்றார். தாள் போலியா என்று கேட்டார்.

"போலிதான். ரெண்டு தாளும். தூவினது உமிச் சாம்பல். இப்பவே நிலையத்தைத் திறக்கச் சொல்லுங்க."

ஒபெத் என் பக்கம் திரும்பினான். அவன் என்னைப் பார்த்த பார்வையை நான் இடது கண்ணால் பார்த்திருக்கக் கூடாதா என்று தோன்றியது. யார் தூவியது என்று வினோட்டோ கேட்டார். அது அறிக்கையில் வரும், இப்போது நேரத்தை வீணாக்க வேண்டாம் என்றார் இபு மெய்தி. வினோட்டோ அதற்குள் போனை எடுத்துவிட்டார். நிலைய அதிகாரிகள் வந்தார்கள், உமிச் சாம்பலைத் தேய்த்துப் பார்த்தார்கள், தங்கள் ஆளையே பலகைக்குப் பக்கத்தில் நிறுத்திப் புதுத் தாள் வைத்தார்கள். பன்னிரண்டரைக்குத் தாள் வெள்ளையாக வந்தது.

ஒலிபெருக்கிப் பெண் "நிலையம் திறக்கப்பட்டுவிட்டது" என்றதும் கூடம் எழுந்து நின்று கை தட்டியது. பொட்டலங்கள் கட்டினார்கள். குழந்தைகளைத் தேடினார்கள். மூன்று நாளாகக் கவுன்ட்டரில் கத்திய கிராம்பு வியாபாரி கவுன்ட்டர் பெண்ணைக் கட்டிப்பிடிக்கப் போய்க் கடைசி நிமிஷத்தில் கை கொடுத்தார். வினோட்டோவின் ஆட்கள் மாரின்சேவைச் சக்கர நாற்காலியில் ஏற்றி வாசலை நோக்கித் தள்ள ஆரம்பித்தார்கள். ஒபெத் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

நான் இபு மெய்தியிடம், வாழ்க்கையில் முதல் தடவையாக உங்களோடு வேலை பார்ப்பது வெட்கமாக இருக்கிறது என்று சொன்னேன். விளையாட்டாகச் சொல்லவில்லை.

"வெட்கத்தை அப்புறம் பட்டுக்கலாம். இதைப் பிடி" என்றார். கையில் கொடுத்தது விமானத்தின் பதிவுப் புத்தகம். அறிக்கையில் தேதி சரிபார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். சந்தோஷத்தில் இருந்த வினோட்டோ தானே எடுத்து நீட்டியிருக்கிறார்.

கேப்டன் லிட்யா விமானத்தின் படியடியில் நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயது, வெட்டிவிட்ட முடி, ஒரு வார்த்தைக்கு இரண்டு வார்த்தை பேசாதவர். இபு மெய்தி புத்தகத்தை அவர் முன்னால் விரித்தார்.

"ஒவ்வொரு பக்கமாப் புரட்டுங்க, கேப்டன். கீழ் மூலையை மட்டும் பாருங்க."

புரட்டினார். எல்லாப் பக்கத்திலும் கீழ் மூலையில் ஒரு கறுத்த கட்டைவிரல் ரேகை. வருஷக்கணக்காக ஒபெத் கிரீஸ் கையோடு புரட்டிக் கையெழுத்துப் போட்ட புத்தகம். எஞ்சின் பார்த்தாயிற்று என்று சொன்ன பக்கத்துக்கு வந்ததும் கேப்டனின் கை நின்றது. அந்தப் பக்கம் அச்சகத்திலிருந்து வந்த மாதிரி இருந்தது.

"எஞ்சினைப் பிரிச்சுப் பார்த்துட்டு வந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு இந்த ஒரு பக்கத்துல மட்டும் கையெழுத்துப் போட்டாராம்" என்றார் இபு மெய்தி.

கேப்டன் புத்தகத்தை மூடிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டார். விமானத்தின் முன்னால் போய் விளக்குக் கண்ணாடியை நகத்தால் தடவிப் பார்த்தார். சுரண்டிப் பார்த்தார். திரும்பி வந்தார்.

"முந்தாநாளே நான் இதைச் சுத்தி நடந்திருக்கணும்" என்றார். "கையெழுத்து இருக்குன்னு நம்பிட்டேன்."

வாசலில் வரிசை நகர ஆரம்பித்திருந்தது. சக்கர நாற்காலி முதலில் வந்தது. கேப்டன் கையை உயர்த்தி வரிசையை நிறுத்தினார். தன் பெட்டியைப் படியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார்.

"இந்த விமானம் இன்னைக்குப் போகாது. நான் ஓட்ட மாட்டேன்."

வினோட்டோ ஓடிவந்தார். தலைமை அலுவலகம், அட்டவணை, பயணிகளின் கஷ்டம் என்று வரிசையாக ஆரம்பித்தார். ஐம்பது விமானம் இதைவிட மோசமான சாம்பலில் போய் வந்ததைத் தன் கண்ணால் பார்த்திருப்பதாகச் சொன்னார். அவர் அதை நம்பியேதான் சொன்னார் என்று நினைக்கிறேன். கேப்டன் புத்தகத்தின் அந்தச் சுத்தமான பக்கத்தை அவர் முகத்துக்கு நேரே காட்டினார். அவர் பேச்சு பாதியில் நின்றது. நிலைய அதிகாரிகள் இருவர் அவரைத் தள்ளி அழைத்துப் போனார்கள்.

அப்போதுதான் கடல் பக்கமிருந்து சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. கொசு ரீங்காரம் மாதிரி ஆரம்பித்துப் பெரிதானது. வெள்ளை நிறத்தில் ஒற்றை விசிறி வைத்த குட்டி விமானம் ஒன்று ஓடுபாதையில் இறங்கித் துள்ளித் துள்ளி வந்து நின்றது. வாலில் சிலுவைக் குறி.

ஒபெத் அதைப் பார்த்தான். இபு மெய்தியைப் பார்த்தான்.

"காலைல ஏழு மணிக்கே அவங்க வரத் தயாரா இருந்திருக்காங்க" என்றார் அவர். "நோயாளி இருக்குறது அவங்களுக்குத் தெரியும். நர்ஸ் சொல்லியிருக்காங்க. நிலையம் மூடியிருக்கு, இறங்க முடியாதுன்னு பதில் போயிருக்கு. நீ ஒரு விமானத்தை நிறுத்தத்தான் தூவினே, ஒபெத். மூடின நிலையத்துல நல்ல விமானமும் இறங்க முடியாது."

அவன் அப்படியே தார்த்தரையில் உட்கார்ந்துவிட்டான். மெக்கானிக்காக எட்டு வருஷம் இருந்தவன். அது அவனுக்குத் தெரியாத விஷயமில்லை. பயத்தில் அந்த ஒரே விமானத்தைத் தவிர வேறெதையும் அவன் பார்க்கவில்லை. காலையிலிருந்து போன ஐந்தரை மணி நேரத்தை அவன் கையாலேயே அம்மாவிடமிருந்து எடுத்திருக்கிறான்.

குட்டி விமானத்தில் ஏற்றுவதற்குள், என்ன நடக்கிறது என்று மாரின்சே கேட்டாள். பேசவே சிரமப்பட்டாள். ஒபெத் எழுந்து வந்து அவள் முன்னால் மண்டி போட்டு எல்லாவற்றையும் சொன்னான். மலை நேற்றே அடங்கிவிட்டது, தாளில் சாம்பல் போட்டது நான் என்றான். நாங்கள் நாலைந்து பேர் பக்கத்தில் நின்றோம். நகரத் தோன்றவில்லை.

அவள் கோடான கண்ணால் மகனைப் பார்த்தாள்.

"அந்த விமானம் சரியில்லையா?"

"சரியில்லம்மா."

"உனக்கு வாய் இல்லியா?"

அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. மிஷன்காரர்கள் தூக்கி ஏற்றினார்கள். கூடவே ஒரு கர்ப்பிணியும் கையில் கட்டுப் போட்ட ஒரு கிழவரும் ஏறினார்கள். ஒபெத் போக முடியாது, நிலைய அதிகாரிகள் அவனிடம் வாக்குமூலம் வாங்க வேண்டும். தாந்தே சல்மா கடையை அப்படியே விட்டுவிட்டு, துணைக்கு நான் போகிறேன் என்று ஏறிக்கொண்டாள். குட்டி விமானம் திரும்பி ஓடி, கடல் மேல் எழும்பியது. ஒபெத் அது புள்ளியாகும்வரை நின்றான்.

பிறகு அதிகாரிகளோடு போகாமல் நேரே கூடத்துக்குள் நடந்தான். நான் தடுக்கப் போனேன். இபு மெய்தி என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

கூடத்தில் பொட்டலங்களைக் கட்டிக்கொண்டு ஏமாந்து நின்ற நூறு பேரின் முணுமுணுப்பு. அவன் ஒலிபெருக்கிப் பெண்ணிடமிருந்து மைக்கை வாங்கினான். மைக் மேஜையில் தட்டிய சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள்.

"இன்னைக்குக் காலைல மூடினது மலை இல்ல. நான்."

சொன்னான். எஞ்சினை, கையெழுத்தை, உமிச் சாம்பலை. சுற்றி வளைக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. முடித்ததும் ஒரு தண்ணீர் பாட்டில் பறந்து வந்து அவன் தோளில் பட்டு விழுந்தது. யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். கிராம்பு வியாபாரி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன்.

"விமானம் பழுதுன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"சந்தேகம் முந்தாநாளே. கையெழுத்து நேத்து."

"எங்களுக்கு?"

"இப்பதான்."

வியாபாரி அவனை மேலும் கீழும் பார்த்தார். பின்னால் திரும்பி, தன் பெண்டாட்டியும் இரண்டு பெண்களும் நின்ற இடத்தைப் பார்த்தார். பெரிய பெண்ணின் கையில் விமானச் சீட்டு இன்னும் இருந்தது. அவர் அடிக்கவில்லை. போய் அவர்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டார். கூடம் மெல்ல மெல்லத் தரையில் உட்கார்ந்தது. பொட்டலங்களைத் திரும்பப் பிரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அன்று சாயங்காலமே இபு மெய்தி அறிக்கை எழுதினார். வினோட்டோவின் பெயருக்குக் கீழே ஒபெத்தின் பெயரும் வந்தது. அதை விட்டுவிடக் கூடாதா என்று நான் கேட்டேன். ஒரு அம்மாவின் ஐந்தரை மணி நேரத்தை விட்டுவிட எனக்கு அதிகாரம் இல்லை என்றார். எழுதியதை ஒபெத்துக்கே படித்துக் காட்டினார். அவன் ஒரு எழுத்தும் மாற்றச் சொல்லவில்லை. அவன் உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். ஏழு மணி வாக்கில் மனாடோவிலிருந்து தாந்தே சல்மா போன் செய்தாள். மாரின்சேவை டயாலிசிஸ் இயந்திரத்தில் போட்டுவிட்டார்கள், மூச்சு சீராகிவிட்டது, ஆனால் மகனோடு பேச இன்னும் மனசு வரவில்லை என்கிறாள் என்றாள்.

காலையில் கப்பல் வந்தது. நீளப் பெட்டியில் கேமராக் குழாயும் ஒரு வெளியூர் மெக்கானிக்கும் அதில் வந்தார்கள். நாங்கள் ஏற வேண்டிய கப்பல் ஒரு மணி நேரம் நிற்கும் என்பதால், பாதிக் கூடம் விமானக் கொட்டகைப் பக்கம் வந்து நின்றது. கயிறு கட்டி எங்களைத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். ஒபெத்தும் கயிற்றுக்கு இந்தப் பக்கம்தான் நின்றான். குழாய் உள்ளே போனது. கையகலத் திரை ஒன்றைக் கேப்டன் லிட்யா இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். வலது எஞ்சினில் ஒன்றும் இல்லை என்றார்கள். இடது எஞ்சினுக்குப் போனார்கள்.

அங்கே ரொம்ப நேரம் ஆனது. வெளியூர் மெக்கானிக் எட்டிப் பார்த்து வாய்க்குள் ஏதோ சொன்னார். கேப்டன் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எங்களுக்கும் காட்டுங்க, கேப்டன்" என்று கிராம்பு வியாபாரி கேட்டார்.

அவர் நிமிர்ந்து எங்கள் எல்லோரையும் ஒரு தடவை பார்த்தார். திரையை மார்போடு சாத்திக்கொண்டார்.

"வேணாங்க. நீங்கல்லாம் இனிமேலும் விமானத்துல ஏறணும்."